சிங்கோனா பட்டையும் தேயிலைச் சாறும்

ஒரு கைப்பிடி இலையைக் கழுவி நிழலில் உலர்த்திப் பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் சற்று நேரம் வேகவைத்து வடிகட்டினால் சாறு கிடைக்கிறது. அதில் துத்தநாக நைட்ரேட் உப்பைக் கரைத்துக் கிளறிச் சூடாக்கினால் கலவை மங்கி, பசைபோலத் திரள்கிறது. அந்தத் திரளை உலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சில மணி நேரம் சுட்டெடுத்தால் வெள்ளைப் பொடி மிஞ்சுகிறது. அதுதான் துத்தநாக ஆக்சைடு நானோ துகள். ஒரு மீட்டரை நூறு கோடி கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இத்தகைய நூறு நானோமீட்டருக்கும் குறைந்த அளவில் இந்தத் துகள்கள் இருக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் செய்முறை இந்தியாவின் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பெருகிவிட்டது. வேம்பு, துளசி, முருங்கை என்று தொடங்கி, வேலியோரத்தில் வளரும் எந்தச் செடியும் மிச்சமில்லை என்கிற அளவுக்குக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. கிருமியைக் கொல்லும், புண்ணை ஆற்றும், புற்றுநோய்ச் செல்லை அழிக்கும் என்ற முடிவுரைகளும் கூடவே வருகின்றன.

இந்த ஆய்வுக்கு நீலகிரியைவிட இசைவான மாவட்டம் தமிழகத்தில் இல்லை. மலை முழுவதும் தேயிலை. கற்பூர மரம் என்று உள்ளூரில் சொல்லப்படும் யூகலிப்டஸ், சீகை எனப்படும் வாட்டில் மரம், காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி, தைலத்துக்காகப் பயிரிடப்படும் ஜெரேனியம் என்று வேதிப்பொருள் செறிந்த இலைகளுக்குப் பஞ்சமில்லை. உதகையில் 1980 முதல் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இயங்குகிறது. எமரால்டில் மத்திய அரசின் மூலிகைச் செடி ஆய்வு மையம் இருக்கிறது. குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் நூற்றாண்டு கடந்து நிற்கிறது. இவ்வளவும் ஒரே மலையில் இருப்பதால்தான் இங்கிருந்து வரும் ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் கருத்து இதுதான்: புதிய இலைகளைத் தேடும் பந்தயத்தை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரே இலையை எடுத்து அதன் சாற்றில் என்ன இருக்கிறது, பொடியில் என்ன எஞ்சுகிறது என்று ஆண்டு முழுவதும் அளக்கும் வேலையை நீலகிரி தொடங்க வேண்டும். அந்த அளவீடு இல்லாதவரை இந்தப் பொடிகளில் ஒன்றுகூட மருந்தாகாது.

இலைச்சாற்றால் நானோ துகள் செய்யும் முறையில் இந்தியாவுக்கு முன்னோடி இடம் உண்டு. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2003, 2004 ஆண்டுகளில் ஜெரேனியம், வேம்பு இலைகளைக் கொண்டு வெள்ளி, தங்கத் துகள்களை உருவாக்கியது. எலுமிச்சைப் புல்லின் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் தகடுகள் உருவாவதையும் காட்டியது. 2008-ல் அமெரிக்காவில் மல்லிகார்ஜுனா நடகவுடாவும் ராஜேந்தர் வர்மாவும் தேநீர், காபிச் சாறுகளைக் கொண்டே வெள்ளி, பலேடியம் துகள்களைச் செய்தார்கள். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின் முதலிய பாலிபீனால்கள்தான் அங்கே வேலை செய்கின்றன. உப்பில் உள்ள வெள்ளி அயனிக்கு அவை எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகின்றன. பிறகு துகளின் மேல் ஒட்டிக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் தடுக்கின்றன. இந்த வேதியியல் தெளிவானது, அழகானது.

வெள்ளிக்குப் பொருந்திய இந்த விளக்கத்தை அப்படியே துத்தநாக ஆக்சைடுக்கும் எடுத்துப்போட்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் நைட்ரேட்டிலும் +2, ஆக்சைடிலும் +2. இடையில் எலக்ட்ரான் கைமாறவே இல்லை. ஆனாலும் இலைச்சாறு 'ஒடுக்கும் பொருளாக' வேலை செய்தது என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதப்படுகிறது. உண்மையில் சாற்றில் உள்ள பாலிபீனால்கள் துத்தநாக அயனியைப் பிடித்துக் கட்டிவைக்கின்றன. உலையில் சூடேறும்போது நைட்ரேட் தரும் ஆக்சிஜனில் அவை எரிபொருளாகி எரிகின்றன. துத்தநாகம் ஆக்சைடாக எஞ்சுகிறது. இது சிறிய சொற்பிழையன்று. 500 டிகிரியில் காற்றில் மூன்று மணி நேரம் சுடப்பட்ட பொடியில் கேட்டச்சினும் இல்லை, யூகலிப்டஸ் தைலமும் இல்லை. அப்படியிருக்க, மூலிகையின் மருத்துவக் குணம் துகளின் மேல் படலமாக ஒட்டியிருப்பதால் பலன் கிடைக்கிறது என்று அதே கட்டுரையின் பிற்பகுதியில் வாதிடுவது தன்னைத்தானே மறுப்பதாகும். இலையிலிருந்து அந்தப் பொடியில் எஞ்சுவது பெரும்பாலும் சாம்பல்: பொட்டாசியம், கால்சியம், மாங்கனீசு. தேயிலையாக இருந்தால் அலுமினியமும் உண்டு, ஏனெனில் தேயிலைச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. கொழுந்தைவிட முற்றிய இலையில் அது மிக அதிகம். பொடியில் இந்தத் தாதுக்கள் எவ்வளவு என்ற எளிய கணக்குகூடப் பல ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை.

சுடாமல் எண்பது டிகிரியில் உலர்த்திப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. அங்கே தாவரப் பொருள் துகளோடு தங்கும். ஆனால் கூடவே வேறொன்றும் தங்கும். இலையின் மேலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களைக் கொதிநீர் கொன்றாலும், அவற்றின் செல்சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நச்சு கொதித்தாலும் அழிவதில்லை. அதை ஒழிக்க உலர் வெப்பத்தில் 250 டிகிரி வரை போக வேண்டும். இரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சலையும் அதிர்ச்சியையும் உண்டாக்கக்கூடிய பொருள் இது. ஆக, சுட்டால் மூலிகை போய்விடுகிறது. சுடாவிட்டால் எண்டோடாக்சின் தங்கிவிடுகிறது. இரண்டு முறைகளிலும் கிடைப்பவை இருவேறு பொருள்கள். இரண்டையும் 'பசுமை நானோ துகள்' என்ற ஒரே பெயரில் அழைத்து, ஒன்றின் சோதனை முடிவை மற்றதற்குச் சான்றாகக் காட்டுவது நோயாளிக்கு ஆபத்தானது.

பலன் இருக்கிறதே, துகளைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிகிறதுதான். துத்தநாக ஆக்சைடு கிருமியைத் தடுக்கும் என்பது பழைய செய்தி. கேலமைன் பூச்சும் துத்தநாகக் களிம்பும் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த வளையத்துக்குக் காரணம் நானோ அளவா, துகளிலிருந்து கரைந்து வெளியேறும் சாதாரணத் துத்தநாக அயனியா, சாற்றின் எச்சமா என்பதுதான் கேள்வி. பதில் வேண்டுமானால் நான்கு தட்டுகளை அருகருகே வைக்க வேண்டும்: இலைச்சாற்றில் செய்த துகள், இலையே இல்லாமல் அதே உலையில் செய்த துகள், வெறும் துத்தநாக உப்பு, வெறும் இலைச்சாறு. இந்த நான்கையும் ஒரே அளவில் ஒப்பிடும் ஆய்வு அரிது. புற்றுநோய்ச் செல் சோதனைகளிலும் இதே குறை. கண்ணாடிக் கலத்தில் வளரும் செல்லின் மேல் போதுமான அளவு துத்தநாகத்தைக் கொட்டினால் அது சாகும். அருகில் ஆரோக்கியமான செல்லை வைத்து அது பிழைக்கிறதா என்று பார்த்தால்தான் சோதனைக்குப் பொருள் வரும். நிறமாற்றத்தைக் கொண்டு செல்களின் உயிரைக் கணக்கிடும் சோதனைகளில், துகளே சாயத்தோடு வினைபுரிந்து கணக்கைக் குழப்புவதும் உண்டு.

இந்த மலைக்கு இது புதுப் பாடமன்று. 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா கன்றுகளையும் விதைகளையும் கொண்டுவர ஏற்பாடு செய்தார். உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தப் பட்டை மருந்து என்பது ஐரோப்பாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஆனால் ஒரு பட்டை கேட்கும், இன்னொரு பட்டை கேட்காது, காரணம் புரியவில்லை. 1820-ல் பாரிஸில் பெல்த்தியேவும் கவாந்துவும் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்த பிறகுதான், எந்தப் பட்டையில் எவ்வளவு சரக்கு என்று கேட்க முடிந்தது. சென்னை அரசு மரம் நட்டதோடு நிற்கவில்லை. பட்டையைப் பகுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு வேதியியலாளரை, ஜான் பிரௌட்டனை, 1866-ல் நியமித்தது. பட்டையில் கொயினாவோடு இருந்த மற்ற மூன்று ஆல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணிக்குமா என்று அறிய அதே ஆண்டில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. 2,472 நோயாளிகளிடம் நான்கும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. கலவையை நம்பாமல் கூறுகளைப் பிரித்து ஒப்பிட்ட சோதனை அது. இன்றைய நானோ ஆய்வில் நான் கேட்கும் நான்கு தட்டுகளும் அதேதான். பின்னாளில் அதே பதவியில் உதகையில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர், இந்திய மூலிகைகளின் வேதியியலைத் தொகுத்த 'பார்மகோகிராபியா இண்டிகா' நூலின் மூன்று ஆசிரியர்களில் ஒருவரானார்.

அந்தக் கதையின் மறுபாதியும் முக்கியம். நீலகிரியில் பெரும்பாலும் நடப்பட்டது செழித்து வளரும் சிவப்புப் பட்டை இனம். அதில் கொயினா குறைவு. ஜாவாவில் டச்சுக்காரர்கள் சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய விதைகளை 1865-ல் வாங்கி, மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, கொயினா மிகுந்த மரங்களை மட்டும் பெருக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தை ஜாவாவின் கையில் இருந்தது. மண்ணும் மழையும் இரண்டு இடங்களிலும் இருந்தன. விடாப்பிடியாக அளந்து, அளவுக்கேற்ப மரத்தைத் தேர்ந்த இடம் முன்னே போயிற்று.

இன்று தேயிலைச் சாற்றை வைத்துத் துகள் செய்யும் ஆய்வாளருக்கு எதிரே அதே சிக்கல் நிற்கிறது. கூடலூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. குன்னூரும் கோத்தகிரியும் அதைவிட மிக உயரத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. ஒரே மாவட்டம், ஒரே செடி. ஆனால் இலையின் பாலிபீனால் அளவு உயரத்தோடும் பருவத்தோடும் செடியின் ரகத்தோடும் மாறும். கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு. பசுந்தேயிலையை நொதிக்கவைத்துக் கறுப்புத் தேயிலையாக்கும்போது கேட்டச்சின்கள் தியாஃபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாறிவிடுகின்றன. கட்டுரையில் 'உதகையில் சேகரிக்கப்பட்ட தேயிலை' என்று மட்டும் எழுதினால் இவற்றில் எது என்று யாருக்கும் தெரியாது. அதே ஆய்வாளர் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் அதே துகள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019-ல் உயிரித் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் துகளின் அளவு, அந்த அளவு எவ்வளவு பரவியிருக்கிறது, மேற்பரப்பு மின்னேற்றம், நிலைப்புத்தன்மை, நச்சியல் என்று ஒவ்வொன்றையும் கேட்கின்றன. ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும் பொருளுக்கு இவற்றில் எதையும் நிரப்ப முடியாது.

உலோக ஆக்சைடு நானோ துகள்கள் மருந்தாகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இரும்பு ஆக்சைடு துகளான ஃபெரூமாக்ஸிடால் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளைக் கட்டியைச் சூட்டால் தாக்கும் இரும்பு ஆக்சைடு துகள்களும், கதிர்வீச்சின் வீரியத்தைக் கட்டிக்குள் கூட்டும் ஹாஃப்னியம் ஆக்சைடு துகள்களும் ஐரோப்பாவில் அனுமதி பெற்றன. இவற்றின் மேற்பூச்சு இன்ன சர்க்கரைச் சேர்மம், இன்ன சிலிக்கன் சேர்மம் என்று எழுதிக் காட்டக்கூடியது. அப்படியிருந்தும் ஃபெரூமாக்ஸிடால் ஊசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதால் 2015-ல் அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. பெயர் தெரிந்த பூச்சே இந்தப் பாடு படுத்துமானால், உள்ளடக்கம் தெரியாத இலைச்சாற்றுப் பூச்சை இரத்தக் குழாயில் ஏற்றலாம் என்று எந்த மருத்துவர் துணிவார்?

தமிழ் வாசகர் மனதில் எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சித்த மருத்துவம் உலோகத்தை மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டுப் பற்பமும் செந்தூரமும் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறதே. நாக பற்பம் துத்தநாக ஆக்சைடுதானே? ஆயுர்வேதத்தின் யசத பஸ்மத்தில் நானோ அளவுத் துத்தநாக ஆக்சைடு இருப்பதை 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதும் உண்மை. மரபை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை முழுமையாகப் படிக்கச் சொல்கிறேன். பற்பம் முடிந்ததா என்று பார்க்கச் சித்தர் மரபு சோதனைகளை வகுத்திருக்கிறது. விரல் ரேகைக்குள் பதிய வேண்டும், நீரில் மிதக்க வேண்டும், சுவையற்றிருக்க வேண்டும், மறுபடி சூடேற்றினால் உலோகமாக உயிர்பெறக் கூடாது. எத்தனை புடம், எத்தனை வரட்டி, எந்தச் சாற்றில் எத்தனை சாமம் அரைப்பு என்று கணக்கும் உண்டு. அன்று கையில் இருந்த கருவிகளைக் கொண்டு செய்த தரக்கட்டுப்பாடு அது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்றிருக்கிறது: 2004-ல் வெளியான ஆய்வொன்றின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது. மரபைத் துணைக்கு அழைக்கும் நானோ ஆய்வாளர், மரபின் கறார்த்தனத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தாவரத்திலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது. முதுமலை ஓரத்தில் மாடு மேய்ப்பவரிடம் இதைச் சொன்னால் ஏற்க மாட்டார். உண்ணிச்செடி இலையில் உள்ள லாண்டடீன்கள் மாட்டின் கல்லீரலைக் கெடுப்பவை. அந்த இலைச்சாற்றில் செய்து சுடாமல் வைத்த துகளில் லாண்டடீன் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் கடமை. 'பசுமை' என்ற சொல்லுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். நச்சுக் கரைப்பான்களைத் தவிர்ப்பது உண்மையான ஆதாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் துத்தநாக நைட்ரேட் சிதையும்போது நைட்ரஜன் டைஆக்சைடு வெளியேறுகிறது, உலை மணிக்கணக்கில் மின்சாரம் குடிக்கிறது. இவற்றையும் கழித்துத்தான் பசுமையை மதிப்பிட வேண்டும்.

சிறிய கல்லூரியின் மாணவருக்கு இவ்வளவு கருவிகளும் பணமும் எங்கே என்ற கேள்வி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. முனைவர் பட்டத்துக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்ற நிபந்தனையும், உதவித்தொகை தீர்வதற்குள் முடிக்க வேண்டிய அவசரமும்தான் ஒரு புது இலை, ஒரு புது உப்பு, மூன்று படங்கள் என்ற சுலப வழிக்கு மாணவரைத் தள்ளுகின்றன. குறை மாணவரிடம் இல்லை. ஆனால் நான் கேட்கும் முதல் படி செலவுள்ளதன்று. இலை பறித்த தேதி, இடம், உயரம், ரகம், சாற்றின் மொத்தப் பாலிபீனால் அளவு, இலையில்லாமல் செய்த ஒப்பீட்டுத் துகள் ஆகியவை எந்தக் கல்லூரியிலும் முடியும். விலையுயர்ந்த சோதனைகளுக்குப் பொது வசதி வேண்டும். தொடக்கநிலை ஆய்வுக்கு இத்தனை கட்டுப்பாடு போட்டால் புதுமை செத்துவிடும் என்பவர்கள், இருபது ஆண்டுகளாகத் தொடக்கநிலையிலேயே நிற்கும் ஒரு துறையில் இதுவரை எந்தப் புதுமை நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து நோயாளி வரை எவ்வளவு தூரம் என்பதைக் குன்னூர் நன்றாக அறியும். பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு அங்கே ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதிலிருந்த மூளைப் புரதமே சிலருக்கு வாதத்தையும் கொண்டுவந்தது. தூய்மையான செல்வளர்ப்புத் தடுப்பூசிகள் வந்த பிறகு, 2004 இறுதியில் இந்தியா பழையதன் உற்பத்தியைக் கைவிட்டது. பலன் தரும் பொருளோடு ஒட்டிவரும் தேவையற்ற பொருள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நெருங்கிய உதாரணம் கிடையாது. 2008 ஜனவரியில், உற்பத்தி நெறிமுறைகள் நிறைவேறவில்லை என்று கூறி இந்நிறுவனத்தின் உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2010-ல்தான் அந்தத் தடை விலகியது. நூறாண்டு அனுபவமுள்ள தடுப்பூசி நிலையத்துக்கே விலக்கில்லாத நெறிமுறை, நாளை நானோ களிம்பு செய்ய முன்வரும் யாருக்கும் விலக்களிக்காது.

ஆகவே இலக்கைச் சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது. புற்றுநோயை விட்டுவிட்டுத் தோலுக்கு வரலாம். தீப்புண், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண் ஆகியவற்றுக்கான கட்டுத்துணியில் துத்தநாக ஆக்சைடு பயன்படும் வாய்ப்பு உண்மையானது. இரத்தத்தில் நேரடியாகச் செலுத்தப்படாததால் அபாயமும் குறைவு. இலையாகத் தேயிலையை எடுக்கலாம், ஏனெனில் அதன் வேதியியல் மற்ற பல மூலிகைகளைவிட நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியிடம் ரகவாரியான அறிவு சேர்ந்திருக்கிறது. இதனால் பசுந்தேயிலை விலை உயரும் என்று சிறு விவசாயிகளுக்கு யாரும் ஆசை காட்டக் கூடாது. ஆய்வுக்குத் தேவைப்படுவது கிராம் கணக்கில். தொழிற்சாலைக்குப் போவது டன் கணக்கில். இரண்டாவது இலையாக, தோல் பதனிடும் டானினுக்காக வெள்ளையர் கொண்டுவந்து இன்று சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கும் சீகையைச் சேர்க்கலாம். வெட்டி அகற்ற வேண்டிய மரம் அது. எவ்வளவு பறித்தாலும் காட்டுக்கு நட்டமில்லை. சோலைக்கே உரிய அரிய செடிகளைக் கட்டுரையின் புதுமைக்காகப் பறிப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் வைத்தியர்கள் காட்டிய செடியானால் கடமை இன்னும் கூடுகிறது. அவர்களுடைய அறிவு ஏட்டில் தொகுக்கப்பட்டதன்று, வாய்வழி வந்தது. அகத்தியமலையில் காணி மக்கள் 1987-ல் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியபோது, உரிமத் தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. குறையே இல்லாத ஏற்பாடு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் நீலகிரியில் கையெழுத்தாகும் எந்த ஒப்பந்தமும் அந்தப் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் 'உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் மூலிகை' என்று ஒரு வரி எழுதுவதால் அந்தக் கடன் தீராது.

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவு. ஒரு தோட்டம், ஒரு ரகம். ஜனவரி உறைபனியில் ஒடுங்கிய செடியின் கொழுந்து, கோடைமழைக்குப் பிறகு துளிர்க்கும் கொழுந்து, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் பறிக்கும் கொழுந்து. மூன்றின் சாறும், தேதியும் தொகுதி எண்ணும் இட்ட தனித்தனிப் புட்டிகளில் வர வேண்டும். அருகில் இலையே சேராத நான்காவது புட்டி. இந்த நான்கிலும் செய்த துகள்களை உதகையில் ஒருவரும், அவரை அறியாத வேறோர் ஊர் ஆய்வாளரும் அளந்து, இருவர் கணக்கும் ஒன்றாக வர வேண்டும். நடுவட்டத்துப் பட்டைக்கு 1866-ல் நியமித்ததைப் போல, இந்தப் புட்டிகளுக்குப் பொறுப்பாக முழுநேர வேதியியலாளர் ஒருவரை அரசு நியமிக்கலாம்.